விதிப்புத்தகமும் ஆய்வுக்கூடமும்: பிரெக்சிட்டுக்குப் பின் பிரிட்டன்

பிரிட்டனில் வாங்கிய ஒரு பொம்மையையோ மின்கெட்டிலையோ திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் அதன் அடியில் சி.இ. என்ற இரண்டு எழுத்துகளைக் காணலாம். ஐரோப்பியச் சந்தையின் பாதுகாப்பு விதிகளுக்கு இந்தப் பொருள் உட்பட்டது என்று உற்பத்தியாளர் தரும் உறுதிமொழி அது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டன், அந்த முத்திரைக்குப் பதிலாக யு.கே.சி.ஏ. என்று தனக்கென ஒரு முத்திரையை உருவாக்கியது. 2022 ஜனவரி முதல் அது கட்டாயம் என்றார்கள். பிறகு 2023 தொடக்கத்திலிருந்து என்றார்கள். அதன் பிறகு 2024 முடியட்டும் என்றார்கள். கடைசியில் 2023 ஆகஸ்டில், தன் பொறுப்பில் உள்ள 18 விதித்தொகுப்புகளுக்கு ஐரோப்பிய முத்திரையையே காலவரம்பின்றி ஏற்கப்போவதாக வணிகத் துறை அறிவித்தது. சொந்த முத்திரையும் இருக்கிறது, விரும்பியவர்கள் பதித்துக்கொள்ளலாம். 2016 ஜூன் 23 அன்று 51.9 விழுக்காட்டினர் விலகலுக்கு வாக்களித்தபோது அவர்களுக்குச் சொல்லப்பட்ட பெரிய வாக்குறுதிகளில் ஒன்று, விதிகளை இனி நாமே எழுதுவோம் என்பது. எழுதும் உரிமை வந்துவிட்டது. ஆனால் அதைக் கையில் எடுத்த இடங்களில் பல, இந்த முத்திரையைப் போலவே தயங்கி நின்றன.

இந்தத் தயக்கத்துக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. விலகலை ஆதரித்தவர்கள் ஆட்சியாளர்களின் துணிவின்மையைக் குறை சொல்கிறார்கள். எதிர்த்தவர்கள் விலகலே வீண் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். இரண்டுமே ஒரு பொதுவான தவறான எண்ணத்திலிருந்து புறப்படுகின்றன என்பது என் வாதம். ஒழுங்குமுறை என்றால் சட்டப் புத்தகத்தில் உள்ள வாசகம் என்றே இரு தரப்பும் கருதுகின்றன. வாசகம் அதன் மிகச் சிறிய பகுதி. அதற்குப் பின்னால் ஆய்வுக்கூடங்கள், பல ஆண்டுகள் சேர்த்த தரவுகள், நச்சியல் வல்லுநர்கள், இறைச்சிக்கூடத்தில் நின்று பார்க்கும் கால்நடை மருத்துவர்கள், ஒரு நாட்டின் சான்றிதழை இன்னொரு நாடு நம்புவதற்கான ஏற்பாடுகள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றியத்தில் இருந்த 47 ஆண்டுகளில் பிரிட்டன் இவற்றில் சிலவற்றைத் தன்னிடமே வைத்திருந்தது, சிலவற்றைப் பொதுவில் ஒப்படைத்திருந்தது. தன்னிடம் வைத்திருந்த துறைகளில் சீர்திருத்தம் நடந்தது. ஒப்படைத்திருந்த துறைகளில் பழைய விதியை நகலெடுப்பதும் கெடுவைத் தள்ளிப்போடுவதும்தான் நடந்தன. அரசியல் துணிவைவிட இந்த வேறுபாடே பெரும்பாலானவற்றை விளக்குகிறது.

விலகலின் முதல் கட்டத்தைச் செய்த விதம் விவேகமானது என்றே சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத்தான் ஐரோப்பிய விதிகள் பிரிட்டனுக்குள் வந்துகொண்டிருந்தன. அதை நீக்கிய 2018-ஆம் ஆண்டின் விலகல் சட்டம், அந்த விதிகளை எல்லாம் ஒரே நாளில் செல்லாததாக்கவில்லை. இடைக்காலம் முடியும் நாளில் நடைமுறையில் இருந்த விதிகள் அனைத்தும் உள்நாட்டுச் சட்டமாகத் தொடரும் என்றது. இந்திய வாசகர்களுக்கு இது பழகிய ஏற்பாடு. அரசியலமைப்பின் 372-ஆம் பிரிவில், அதற்கு முன்பிருந்த சட்டங்கள் மாற்றப்படும்வரை தொடரும் என்று சொல்லித்தான் குடியரசு தொடங்கியது. 1860-இன் தண்டனைச் சட்டம் அந்த வாசல் வழியாக வந்து 2024 ஜூன் வரை வாழ்ந்தது. அரசியல் முறிவு ஒரே நாளில் நடக்கலாம், சட்டத்தின் தொடர்ச்சி அறுபட்டால் கடை திறக்காது, சம்பளம் கணக்கிட முடியாது, விமானம் பறக்காது. 2020 ஜனவரி 31 அன்று வெளியேறி, அந்த ஆண்டின் கடைசி நாளில் இடைக்காலத்தையும் முடித்துக்கொண்ட பிரிட்டனில், மறுநாள் காலை சட்டக் குழப்பம் நேராமல் இருந்ததற்கு இந்த நகலெடுப்பே காரணம்.

தவறு அடுத்த கட்டத்தில் நேர்ந்தது. இயான் டங்கன் ஸ்மித் தலைமையிலான ஒழுங்குமுறைச் சீர்திருத்தப் பணிக்குழு 2021 ஜூனில் தன் பரிந்துரைகளைத் தந்தது. மறு ஆண்டு பிரெக்சிட் வாய்ப்புகளுக்கென்றே ஓர் அமைச்சர் பதவி உருவாக்கப்பட்டு ஜேக்கப் ரீஸ்-மாக் அதில் அமர்ந்தார். 2022 செப்டம்பரில் வந்த மசோதா, தக்கவைக்கப்பட்ட ஐரோப்பிய விதிகளில் பெரும்பகுதி 2023 டிசம்பர் 31 அன்று தாமாகவே காலாவதியாகும், அமைச்சர் காப்பாற்ற நினைப்பவை மட்டுமே பிழைக்கும் என்றது. எத்தனை விதிகள்? அரசு முதலில் வெளியிட்ட பட்டியலில் 2,400-க்குச் சற்று மேல் இருந்தது. தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடியபோது மேலும் சுமார் 1,400 கிடைத்ததாகச் செய்தி வந்தது. 2023 மே மாதத்துக்குள் எண்ணிக்கை 4,800-ஐத் தாண்டியது. எதை வைத்திருக்கிறோம் என்று எண்ணி முடிக்கும் முன்பே, அத்தனையும் அழியும் நாளைச் சட்டத்தில் எழுத முனைந்தார்கள். சம்பளத்துடன் கூடிய விடுப்பை உறுதிசெய்யும் 1998-ஆம் ஆண்டின் வேலைநேர விதிகளும் அந்தக் குவியலில் இருந்தன. ஒரு அதிகாரியின் பட்டியலில் ஒரு வரி விடுபட்டால் ஒரு உரிமை சத்தமின்றி மறைந்துபோகலாம் என்ற நிலை அது. மசோதாவின் விளைவுகளைப் பற்றி அரசு தயாரித்த மதிப்பீடு நோக்கத்துக்குத் தகுதியற்றது என்று, இத்தகைய மதிப்பீடுகளைச் சரிபார்க்கும் சுயேச்சையான குழு 2022 நவம்பரில் கூறிவிட்டது. 2023 மே 10 அன்று வணிக அமைச்சர் கெமி பேடனாக் தானாகக் காலாவதியாகும் ஏற்பாட்டைக் கைவிட்டு, நீக்கப்படும் சுமார் 600 விதிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே பயனற்றுப் போனவை.

கெடு இல்லாவிட்டால் அதிகாரிகள் அசைய மாட்டார்கள் என்பது அந்த மசோதாவை ஆதரித்தவர்களின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எந்த நாட்டிலும் இருக்கும் விதியை மறுபரிசீலனை செய்வதைவிட அப்படியே விடுவதுதான் ஒரு துறைக்கு எளிது. கெடுவின் பயன் வேலையைத் தொடங்க வைப்பது என்றால் அதை ஏற்கலாம். ஆனால் இந்தக் கெடு யாரை எந்த வேலையில் ஈடுபடுத்தியது என்று பார்க்க வேண்டும். துறைகளின் சட்ட வல்லுநர்கள் எந்த விதியை மேம்படுத்தலாம் என்று ஆராய்வதை விட்டுவிட்டு, எந்த விதி கைதவறிச் சாகக் கூடாது என்று தேடுவதில் மாதங்களைச் செலவிட்டார்கள். சீர்திருத்தத்துக்கென வைத்த கெடு சீர்திருத்தம் செய்யக்கூடிய ஆட்களையே தின்றது.

ஆட்கள் எவ்வளவு குறைவு என்பதைத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2022 மே மாதத்திலேயே சொல்லியிருந்தது. உணவுத் தரம், வேதிப்பொருள் பாதுகாப்பு, வணிகப் போட்டி ஆகிய மூன்றையும் கவனிக்கும் அமைப்புகளை அது ஆராய்ந்தது. ஒன்றியம் செய்துவந்த வேலைகள் இவற்றின் தலையில் வந்து விழுந்திருந்தன, வேண்டிய வல்லுநர்கள் கிடைக்கவில்லை, ஒன்றியத்தின் தரவுகளைப் பார்க்கும் வழியும் அடைபட்டிருந்தது. இந்த மூன்றில் வேதிப்பொருள் துறையின் கதையை விரிவாகப் பார்ப்பது நல்லது. பிரச்சினையின் உள்ளமைப்பு அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

2007-இல் நடைமுறைக்கு வந்த ரீச் என்ற ஐரோப்பிய ஏற்பாட்டின் அடிப்படை எளியது: தரவு இல்லையேல் சந்தை இல்லை. ஒரு வேதிப்பொருளைத் தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோ, அது உடலுக்கும் சூழலுக்கும் என்ன செய்யும் என்பதற்கான சோதனை முடிவுகளை ஹெல்சிங்கியில் உள்ள ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் பதிவுசெய்ய வேண்டும். ஒரே பொருளைக் கையாளும் நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து செலவைப் பகிர்ந்து இந்தச் சோதனைகளைச் செய்தன. பிரிட்டிஷ் நிறுவனங்களும் அந்தக் கூட்டுகளில் பணம் போட்டவைதான். ஆனால் தரவின் உரிமை அந்தக் கூட்டுகளிடம் இருந்தது, அதைப் பயன்படுத்தும் அனுமதியும் ஐரோப்பியப் பதிவுக்கு மட்டுமே பெறப்பட்டிருந்தது. 2021 ஜனவரியில் பிரிட்டன் அதே விதியை நகலெடுத்துத் தன் சொந்த ரீச்சைத் தொடங்கியது. வாசகம் அப்படியே வந்தது. பதினான்கு ஆண்டுகள் சேர்ந்திருந்த தரவுக் களஞ்சியம் ஹெல்சிங்கியிலேயே இருந்துவிட்டது. தரவு இல்லையேல் சந்தை இல்லை என்ற சட்டம் பிரிட்டனில் இருந்தது, அதைச் செயல்படுத்த வேண்டிய அமைப்பின் கையில் தரவு இல்லை. நிறுவனங்கள் அதே தரவுக்கு மறுபடியும் பணம் கொடுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் சில சோதனைகளை மீண்டும் செய்ய வேண்டும். விலங்குகள் மீதான சோதனைகளும் அதில் அடக்கம். இதற்குத் தொழில்துறைக்கு ஆகும் செலவு சுமார் 200 கோடி பவுண்டு என்று அரசின் மதிப்பீடே சொன்னது.

இந்தச் செலவால் கிடைக்கும் புதிய அறிவு ஏதும் உண்டா? பெரும்பாலும் இல்லை. ஒரே மூலக்கூறு டோவருக்கு வந்ததும் வேறு நஞ்சாக மாறிவிடுவதில்லை. ஆகவே பதிவுக் கெடுக்கள் தள்ளிப்போயின. 2023-இல் தொடங்கியிருக்க வேண்டியவை 2026, 2028, 2030 என்று மாறின. அவற்றையும் தள்ளிவைக்கும் யோசனையை 2025-இல் அரசே முன்வைத்தது. இதற்கிடையே ஒன்றியம் ஓயவில்லை. வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்நெகிழிகளை 2023-இல் அது கட்டுப்படுத்தியது, பிரிட்டன் உடன் செல்லவில்லை. பிரிட்டன் தன் விதியைத் தளர்த்துவதென்று முடிவெடுத்திருந்தால் அது நல்லதோ கெட்டதோ ஒரு கொள்கை என்று சொல்லலாம், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம். இங்கே யாரும் அப்படி முடிவெடுக்கவில்லை. பக்கத்து விதி நகர்ந்தது, இந்த விதி நின்றது, இடைவெளி தானாக விரிந்தது. முடிவெடுக்காமலேயே விலகிப்போவதுதான், விலகிய நாட்டின் ஒழுங்குமுறைக்கு நேரக்கூடிய ஆபத்துகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது. அதற்கு விலை கொடுப்பவர்கள் தொழிற்சாலையில் அந்தப் பொருளைச் சுவாசிப்பவர்கள்.

நிதித்துறையின் நிலை இதற்கு நேர்மாறானது. நிதி நிறுவனங்களை மேற்பார்வையிடும் அறிவு பிரஸ்ஸல்சில் தங்கியிருக்கவில்லை, லண்டனில்தான் இருந்தது. பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் காப்பீட்டுக் கணிப்பாளர்களும் வங்கி ஆய்வாளர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று வகுத்த சால்வன்சி இரண்டு என்ற ஐரோப்பிய விதியை உருவாக்கியதிலேயே பிரிட்டிஷ் வல்லுநர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே அதை மாற்ற வேண்டிய நேரத்தில் எந்தக் கணக்கீடு எதற்காக இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மேசையில் இருந்தார்கள். 2023 ஜூனில் நிதிச் சேவைச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டின் இறுதியில் ஆயுள் காப்பீட்டாளர்கள் ஒதுக்க வேண்டிய இடர் ஈட்டுத்தொகை கணிசமாகக் குறைக்கப்பட்டது, மற்ற மாற்றங்கள் 2024 முடிவதற்குள் வந்தன. வங்கி அதிகாரிகளின் ஊக்கத்தொகை நிலையான சம்பளத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்ற உச்சவரம்பும் 2023 அக்டோபரில் நீக்கப்பட்டது. அந்த உச்சவரம்பை பிரிட்டன் உறுப்பினராக இருந்தபோதே ஐரோப்பிய நீதிமன்றத்தில் எதிர்த்து, 2014-இல் வழக்கைக் கைவிட்டிருந்தது. இந்த மாற்றங்களை நான் முழுமையாக ஆதரிக்கவில்லை. போட்டித்திறனையும் வளர்ச்சியையும் மேற்பார்வை அமைப்புகளின் இரண்டாம் நோக்கமாகச் சட்டத்தில் எழுதியது, 2008-இன் நெருக்கடியைக் கண்ட ஒரு நாட்டில் கவலை தருகிறது. ஆனால் அது ஒரு தெளிவான முடிவு, அதை எடுத்தவர்கள் யார், எந்தக் கணக்கின் மேல் எடுத்தார்கள் என்று விசாரிக்க முடியும்.

மருந்துத் துறை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனாலேயே அதில் கற்க நிறைய இருக்கிறது. ஐரோப்பிய மருந்து முகமையின் தலைமையகம் 2019 வரை லண்டனில் இருந்தது, பிறகு ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. உலகத் தரமுள்ள சொந்த முகமையும் பிரிட்டனிடம் இருந்தது. ஆனால் முன்பு பல நாடுகள் பகிர்ந்துகொண்ட மதிப்பீட்டு வேலை முழுவதையும் தனியே செய்ய அதனாலும் இயலாது. 2024 ஜனவரி முதல் அது ஒரு புதிய வழியைத் தேர்ந்தெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ஜப்பான், கனடா, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் முகமைகள் ஆராய்ந்து ஒப்புதல் தந்த மருந்துகளை, அந்த ஆய்வையே ஆதாரமாகக் கொண்டு விரைந்து பரிசீலிக்கும் வழி அது. யாரை நம்புவது என்பதைத் தானே தீர்மானிப்பதும் இறையாண்மையின் ஒரு வடிவம்தான். வேதிப்பொருள் துறையிலும் தொடக்கத்திலேயே இப்படிச் செய்திருக்கலாம். ஹெல்சிங்கியின் முடிவுகளை ஆதாரமாக ஏற்று, மாறுபட வேண்டிய இடங்களில் மட்டும் தன் நச்சியல் வல்லுநர்களின் நேரத்தைச் செலவிட்டிருக்கலாம்.

மருந்து என்றதும் எழும் மறுப்பு ஒன்று உண்டு. கொரோனா தடுப்பூசிக்கு 2020 டிசம்பர் 2 அன்றே பிரிட்டன் ஒப்புதல் தந்தது, ஒன்றியம் 21-ஆம் தேதிதான் தந்தது, விலகியதால் வந்த வேகம் இது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அந்த நாளில் பிரிட்டன் இடைக்காலத்தில் இருந்தது, ஐரோப்பிய மருந்துச் சட்டம் முழுமையாக அதைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தது. ஒப்புதல் தரப்பட்டது 2012-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ள அவசரகாலப் பிரிவின் கீழ். அந்த அதிகாரத்தை ஐரோப்பியச் சட்டமே உறுப்பு நாடுகளுக்கு விட்டுவைத்திருந்தது. விரும்பினால் ஜெர்மனியும் பிரான்சும் அதையே செய்திருக்க முடியும். வேகம் வந்தது சோதனை முடிவுகளைப் படிப்படியாகவே வாங்கிப் படித்த ஒரு முகமையின் திறமையால். இந்த எடுத்துக்காட்டு எதிர்த் தரப்புக்கு உதவுவதைவிட என் வாதத்துக்கே அதிகம் உதவுகிறது.

இதைவிடக் கடினமான மறுப்பு அறிஞர்களிடமிருந்து வருகிறது. அனு பிராட்ஃபோர்ட் என்ற சட்டப் பேராசிரியர் பிரஸ்ஸல்ஸ் விளைவு என்று பெயரிட்ட போக்கின்படி, பெரிய சந்தை ஒன்றின் கடுமையான விதியை உலக நிறுவனங்கள் தாமாகவே எங்கும் பின்பற்றுகின்றன, ஏனெனில் ஒரே பொருளை இரண்டு தரத்தில் செய்வது செலவு. அப்படியானால் பக்கத்தில் இருக்கும் சிறிய சந்தைக்குச் சொந்த விதி எழுதும் திறன் இருந்தும் என்ன பயன் என்று கேட்கலாம். எல்லை தாண்டி விற்கும் பொருள்களைப் பொறுத்தவரை இது ஏறத்தாழ உண்மை, பொம்மையின் அடியில் உள்ள முத்திரையே சாட்சி. ஆனால் ஒழுங்குமுறை முழுவதும் ஏற்றுமதிப் பொருள்களைப் பற்றியதன்று. நிலம், கடல், உள்நாட்டுச் சேவை ஆகியவற்றில் பிரஸ்ஸல்ஸ் விளைவு பலமிழக்கிறது. பரப்பளவைப் பார்த்து மானியம் தந்த ஐரோப்பிய வேளாண் கொள்கையை விட்டு, மண்ணையும் நீரையும் பேணுவதற்குப் பணம் தரும் முறைக்கு 2020-இன் வேளாண் சட்டம் வழிசெய்தது. புதிய திட்டம் ஒன்றுக்கான விண்ணப்பங்களை 2025 மார்ச்சில் திடீரென நிறுத்தியது உழவர்களின் நம்பிக்கையைக் காயப்படுத்தியது என்றாலும், திசை சரியானது. கடலில் இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. கடற்கிளிகளுக்கும் பிற கடற்பறவைகளுக்கும் இரையாகும் மணல்விலாங்கு மீனை வட கடலின் ஆங்கிலேயப் பகுதியிலும் ஸ்காட்லாந்து நீர்ப்பரப்பிலும் பிடிக்க 2024 மார்ச்சில் தடை வந்தது. ஒன்றியம் வழக்குத் தொடுத்தது. நடுவர் தீர்ப்பாயம் 2025-இல் பெரும்பாலான வாதங்களில் பிரிட்டனின் அறிவியல் சான்றை ஏற்றது. ஆங்கிலேயக் கடற்பகுதிக்கான முடிவில், ஐரோப்பிய மீனவர்களின் உரிமையை உரிய அளவு எடைபோடவில்லை என்று மட்டும் குறை கண்டது. விலகிய பிறகும் ஒப்பந்தம் கேள்வி கேட்கிறது, கேள்விக்குப் பதில் சொல்லும் அறிவியல் கையில் இருந்தால் விதி நிற்கிறது.

லண்டனுக்கு வந்த அதிகாரம் பிரிட்டன் முழுவதற்கும் ஒரேபோல் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொருள்களுக்கான ஐரோப்பிய விதிகள் வட அயர்லாந்தில் தொடர்வதால், லண்டன் ஒரு விதியை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஐரிஷ் கடலில் ஒரு கோடு ஆழமாகிறது. ஸ்காட்லாந்து தன் பாட்டில் வைப்புத்தொகைத் திட்டத்தில் கண்ணாடியையும் சேர்க்க முனைந்தபோது, 2020-இன் உள்நாட்டுச் சந்தைச் சட்டத்தைக் காட்டி 2023-இல் லண்டன் அதை மறுத்தது. பிரஸ்ஸல்சிலிருந்து பெற்ற அதிகாரத்தை எடின்பரோவோடு பகிர மறுத்ததில் ஒரு முரண் இருக்கிறது, அதை விலகல் ஆதரவாளர்கள் நேர்மையாக எதிர்கொள்ளவில்லை.

எஞ்சியிருப்பது ஜனநாயகம் பற்றிய மறுப்பு. எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுவதும் அதுவே. விதி நல்லதோ கெட்டதோ, அதை எழுதியவரை வாக்காளர் பதவியிலிருந்து இறக்க முடிய வேண்டும், திறன் குறைந்த சொந்த விதி திறன் மிகுந்த அயல் விதியைவிட மேல் என்பது அந்த வாதம். இதன் முதல் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். அதனால்தான் அதிகாரம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. காலாவதி ஏற்பாடு கைவிடப்பட்ட அந்த மசோதாவிலிருந்து பிறந்த 2023-இன் சட்டம் ஐரோப்பிய விதிகளை மாற்றும் அதிகாரத்தைப் பெரும்பாலும் அமைச்சர்களிடம் தந்தது. முழு விவாதமின்றி ஆணையால் சட்டத்தைத் திருத்தும் இத்தகைய பிரிவுகளை பிரிட்டனில் எட்டாம் ஹென்றிப் பிரிவுகள் என்பார்கள். அரச பிரகடனத்துக்குச் சட்டத்தின் வலுவைத் தந்த 1539-இன் ஏற்பாட்டை நினைவுபடுத்தும் பெயர் அது. ஒன்றியத்தில் இருந்தபோது ஒரு விதி ஐரோப்பிய நாடாளுமன்றத்தையும் அமைச்சர் மன்றத்தையும் கடந்து வந்தது, இப்போது அது ஒரு துறை அறையில் மாறலாம். கட்டுப்பாட்டை மீட்பது என்ற முழக்கம் நாடாளுமன்றத்தின் பெயரில் எழுப்பப்பட்டது. மீட்டது அரசுத் துறைகளின் வைட்ஹாலுக்குப் போனது.

கீர் ஸ்டார்மரின் அரசு 2025 மே 19 அன்று லண்டனில் ஒன்றியத்துடன் எட்டிய புரிந்துணர்வு இந்தக் கேள்வியை மீண்டும் திறந்திருக்கிறது. உணவு, தாவரம், விலங்கு நலம் தொடர்பான துறையில் ஐரோப்பிய விதிகள் மாறும்போதெல்லாம் தானும் மாறிக்கொள்ள பிரிட்டன் இணங்கியது. வாக்களிக்கும் உரிமை இல்லை, விதி உருவாகும் கட்டத்தில் கருத்துச் சொல்லும் வாய்ப்பு மட்டும் உண்டு. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் ஏற்றிய லாரிகள் சான்றிதழுக்காகக் காத்து நிற்பதோடு ஒப்பிட்டால் இது நியாயமான பேரம் என்றே நினைக்கிறேன். இதற்கு ஒரு விலையும் இருக்கலாம். மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு இங்கிலாந்துக்கென 2023-இல் இயற்றப்பட்ட சட்டம் பிரெக்சிட்டின் உண்மையான சீர்திருத்தங்களில் ஒன்று; இந்த இணக்கத்துக்குள் அதற்கு விலக்கு தேட வேண்டியிருக்கிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய பொருள் ஒழுங்குமுறைச் சட்டம், ஐரோப்பிய விதியோடு சேர்ந்து போவதா பிரிந்து போவதா என்று துறைதோறும் முடிவெடுக்க அமைச்சர்களுக்கு வழிதருகிறது. எது தேர்ந்தெடுக்கப்பட்டாலும், பிரஸ்ஸல்சில் உருவாகும் ஒவ்வொரு வரைவையும் உடனுக்குடன் படித்து, அதன் பொருள் என்ன என்று உறுப்பினர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். காமன்ஸ் அவையில் அந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்துவந்த ஐரோப்பிய ஆய்வுக் குழு, 2024 தேர்தலுக்குப் பின் மீண்டும் அமைக்கப்படவில்லை.